நாம தூக்கிடலாம்

அந்தப் பழைய ஜெனரேட்டர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காபி பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது, இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. வெர்லீன் ஹஸ்கெட் அதைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. டிரெய்லர் வீட்டுக்குள்ளிருந்து அவள் கணவன் ஓரின் சத்தம் போட்டான்.

"சோக்கை இழுத்துவிட்டு நாம இன்னொரு தடவை பார்ப்போம், கிழவி!"

நாம. வெர்லீன் சோக்கை இழுத்துவிட்டாள். இன்னொரு தடவை பார்த்தாள். அதைச் செய்தவை இரண்டு கைகள், இரண்டும் அவளுடையவை.

நெப்ராஸ்காவில் ஒரு பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் அண்டா அண்டாவாகச் சோளமும் உருளைக்கிழங்கும் கிளறிய கைகள் அவை. ஓரின் மாடு ஏற்றும் லாரி ஓட்டினான். வேலை ஓய்ந்ததும் இருவரும் வீட்டை விற்று, இந்த டிரெய்லரை வாங்கி, பிக்கப் வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க அரிசோனா பாலைவனம், கோடையில் மலை. கரண்டுக் கம்பம் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, வாடகை கேட்டுக் கதவைத் தட்ட ஆள் கிடையாது. இப்படி வாழ்கிறவர்கள் குவார்ட்சைட் ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கில் உண்டு. தரையெல்லாம் பொடிக்கல், நடுநடுவே எண்ணெய் வாசனை அடிக்கும் கிரியோசோட் புதர், அப்பால் யாரோ ஒருத்தருடைய நாய்.

பிறகு ஓரினின் நுரையீரல் காலை வாரிவிட்டது. சிகரெட்டும் மாட்டுக்கொட்டகைத் தூசியும் சேர்ந்து செய்த வேலை. இப்போது சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஒரு பெட்டி அளவுக்கு ஆக்சிஜன் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து நீளமான டியூப் ஒன்று அவன் மூக்குக்கு வருகிறது. டியூப் எட்டுகிற தூரம்தான் அவன் உலகம். கூரையில் இருக்கும் சோலார் பலகை விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சரியாகப் போய்விடும். மெஷினுக்கு ஜெனரேட்டர் வேண்டும். ராத்திரிக்கான பேட்டரியைப் பகலில் நிரப்பவும் அது வேண்டும்.

நுரையீரல் போனபோது அவன் செய்த வேலைகளும் ஒவ்வொன்றாக அவள் பக்கம் நகர்ந்து வந்தன. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளவில்லை. டயர், கேஸ் சிலிண்டர், கழிவுத்தண்ணீர்த் தொட்டி, டிரெய்லரைக் கொக்கியில் மாட்டுவது, எல்லாம் வந்தன. நாம என்ற சொல் மட்டும் அவனிடமே தங்கிவிட்டது. நாம டயரை மாத்திடலாம். நாம தொட்டியைக் காலி பண்ணிடுவோம். சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் செய்வதைப் பார்ப்பான். வெர்லீன் திருத்தியதில்லை. திருத்தினால் அவன் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்ப்பதைவிட டயரைக் கழற்றுவது சுலபம்.

லிங்கன் நகரத்தில் மகள் டிரூடி தன் வீட்டு நிலவறையில் ஓர் அறையைத் தயார் செய்து வைத்திருந்தாள். போன வருஷமே பேசி வைத்தாகிவிட்டது: மெஷினுக்குக் கரண்டு கொடுக்க அப்பாவாலும் அம்மாவாலும் முடியாமல் போகிற அன்றைக்கு, மறுபேச்சில்லாமல் அங்கே வந்துவிட வேண்டும். அந்த அறையின் ஜன்னல் தரைமட்டத்தில் இருக்கிறது. வெளியே பார்த்தால் புல்லின் அடிப்பகுதி தெரியும். ஓரினுக்கு அந்த அறையை நினைத்தாலே குலைநடுக்கம். வெர்லீனுக்கும் பிடிக்காதுதான். ஆனாலும் சில சாயங்காலங்களில், கையைக் கழுவித் துடைக்கக்கூடத் தெம்பில்லாமல் நிற்கும்போது, யாரோ விரித்துப்போட்ட படுக்கை ஒன்றைப் பற்றி அவள் நினைத்ததுண்டு. நினைத்துவிட்டு அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டதும் உண்டு.

ஆக, பழைய ஜெனரேட்டர் செத்தது சின்ன விஷயம் இல்லை. புதிதாக ஒன்று வாங்க வேண்டும். அதுவும் சரியான அளவில் வாங்க வேண்டும். அளவு தப்பினால் நிலவறை. பக்கத்து வேனில் தனியாக வாழும் நெட்டா டஃபோயா தன்னுடைய சின்ன ஜெனரேட்டரைக் கொடுத்து, "வாங்குற வரைக்கும் வெச்சுக்கோ, எனக்கு வெயில் போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அன்று சாயங்காலம் நாற்காலி வட்டம் கூடியது. பாலைவனத்தில் அது தினசரி வழக்கம். அவரவர் மடக்கு நாற்காலி, அவரவர் குடிக்கும் சாமான். எல்லோரும் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு வருவார்கள், இல்லாவிட்டால் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்காது. கட்சியும் கடவுளும் வட்டத்துக்குள் வரக்கூடாது. அவை இல்லாததால் யார் வீட்டில் எது உடைந்தது என்பதே பேச்சு. ஓரின் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"நாலாயிரம் வாட்," என்றார் கார்க்கி ப்ரெம்மர். பஸ் அளவு வண்டியில் வாழ்கிறவர். எதையும் பெரிதாகவே பார்க்கிறவர். "அதுக்குக் கீழே வாங்கினா அது ஜெனரேட்டரே இல்ல, பொம்மை."

"பெட்டியில நாலாயிரம்னு போட்டிருப்பான், நீங்களும் நம்பிடுவீங்க," என்றாள் நெட்டா. "பெரிய எழுத்துல இருக்கிறது கிளப்பும்போது ஒரு நிமிஷம் தம் கட்டுற பலம். நாள் பூரா ஓடுற பலம் கீழே பொடி எழுத்துல இருக்கும். அதைப் படிக்கணும்."

"படிச்சுட்டுத்தான் சொல்றேன். மூவாயிரத்துக்கு மேலே நிக்காம ஓடும். ஏ.சி.யே ஓடும்."

"நம்ம ஓரின் மாதிரின்னு சொல்லுங்க," என்றாள் நெட்டா. " கிளம்பும்போது என்னா வேகம்! அப்புறம் பாதி வழியில நாற்காலி தேடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஓரின்தான் அதிகமாகச் சிரித்தான், சிரித்து முடித்துவிட்டு மூச்சுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தான். வெர்லீனும் சிரித்தாள். சின்னதை வாங்கினால் என்ன என்று நெட்டா கேட்டதற்கு அவன் விளக்கம் சொன்னான்.

"சின்னது என் மெஷினுக்கும் காபிக்கும் போதும். ஏ.சி. ஓடாது. மே மாசம் ஏ.சி. இல்லாம இங்கே இருந்தா நான் வெந்துடுவேன். மலைக்குப் போகலாம்னா டாக்டர் இந்த வருஷம் கூடாதுங்கிறாரு. மேலே காத்து மெலிசு. எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், எனக்கும் வாங்கும். அதனால கீழேயே இருக்கணும், ஏ.சி. வேணும், பெருசு வேணும்."

"கோடைக்கு ஒரு டிரெய்லர் பார்க்கில வாடகை கட்டிப் போய் நிறுத்துங்களேன். கம்பத்துல ஒயரை மாட்டினா வேலை முடிஞ்சது."

"காலம் பூரா மாடு ஏத்தினவன் நான், நெட்டா. கம்பத்துல கட்டின மாடா நான் ஆக மாட்டேன்."

நெட்டா கோப்பையைக் கீழே வைத்தாள். "சரி. பெருசை யாரு தூக்குவா?"

கேள்வி சரியான கேள்வி. ஜெனரேட்டரை ஓட்டும்போது வண்டியிலேயே விட முடியாது. புகை ஓரினின் ஜன்னல் பக்கம் வரக்கூடாது. காலையில் பிக்கப்பிலிருந்து இறக்கி, தள்ளிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். சாயங்காலம் மறுபடி ஏற்றிப் பூட்ட வேண்டும், இல்லையென்றால் விடிவதற்குள் அது வேறு யாருடையதாகவோ ஆகிவிடும். சக்கரம் வைத்ததுதான், ஆனால் பொடிக்கல்லில் அந்தச் சக்கரம் புதைந்து நிற்குமே தவிர உருளாது.

"நாம தூக்கிடலாம்," என்றான் ஓரின்.

வட்டத்தில் எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். வெர்லீன் ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் தூக்குவதை அத்தனை பேரும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பாலைவனத்தில் ஒரு சட்டம் உண்டு. எழுதி வைக்காத சட்டம். இன்னொருத்தர் வண்டியில், அவர் வாய் திறந்து கேட்காமல், கை வைக்கக்கூடாது. ஓரின் ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் கேட்காதபோது அவள் எப்படிக் கேட்பாள்? நல்ல சட்டம்தான், முதுகு வலுவாக இருக்கிறவரை.

மறுநாள் கார்க்கி தன்னிடம் உபரியாகக் கிடந்த பெரிய ஜெனரேட்டரை மருமகன் துணையோடு ஹஸ்கெட்டுகளின் பிக்கப்பில் ஏற்றிவிட்டு, "ஓட்டிப் பாருங்க, பிடிச்சா இதே மாதிரி வாங்குங்க," என்று சொல்லிவிட்டு, மலிவாகப் பல் கட்டிக்கொள்ள எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டார். மருமகனும் கூடப் போய்விட்டான். அது வண்டியில் இரும்புக் கூண்டோடு உட்கார்ந்திருந்தது. வெர்லீன் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

ஓரின் வாசற்படியில் நின்றான். டியூப் அவன் பின்னால் உள்ளே போய் மறைந்தது.

"பலகையைச் சாய்ச்சுப் போடுவோம். நாம அப்படியே மெதுவா வழுக்கி விட்டுடலாம்."

"கார்க்கி வரட்டுமே."

"அவரு வர்றதுக்குச் சாயங்காலம் ஆயிடும். இதுல என்ன இருக்கு? நான் எத்தனை காளையை இறக்கியிருக்கேன்!"

"காளை நடக்கும், ஓரின்."

சொன்னாளே தவிர, பலகையைப் போட்டாள். இந்த இடத்தில் அவள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளோ வழக்கம்போல அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த ஆசையைப் பார்த்தாள். கூண்டைப் பிடித்து இழுத்தாள்.

முதலில் அது அசையவில்லை. அசைந்தபோது ஒரேயடியாக அசைந்தது. பலகை பக்கவாட்டில் நழுவ, ஜெனரேட்டர் அவளை நோக்கி வந்தது. காலை இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான் முடிந்தது. அது பொடிக்கல்லில் தொம்மென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்கு ஒரு கீறல் இல்லை. அதன் பக்கத்தில் வெர்லீனும் உட்கார்ந்திருந்தாள். முதுகில் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. எழுந்திருக்கலாம் என்று நினைத்தாள், உடம்பு கேட்கவில்லை. அடி பலமா என்று யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

"வெர்லீன்!"

ஓரின் படி இறங்கினான். டியூப் விறைத்து அவனைப் பின்னால் இழுத்தது. ஒரு கணம் நின்றான். பிறகு அதை மூக்கிலிருந்து பிய்த்துக் கீழே போட்டுவிட்டு வந்தான். அவள் கையை ஆட்டி, வராதே என்றாள். வந்துவிட்டான். வந்து சேர்வதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. குனிந்து அவள் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்து, முடியாமல், அவனும் அவள் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"நாம... முதல்ல... எந்திரிப்போம்."

"நாமங்காதே." அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. "இனிமே என்கிட்டே நாமன்னு சொல்லாதே, ஓரின். நாம டயர் மாத்தினோம். நாம மலத்தொட்டியைக் கழுவினோம். நாம சிலிண்டர் தூக்கினோம். யாரு அந்த நாம? நான். நான் ஒருத்திதான். எனக்கு முடியலே. கேக்குதா? எனக்கு முடியலே."

அவன் பதில் சொல்ல மூச்சு வேண்டியிருந்தது. அது வருகிறவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இத்தனை நாள் பயந்த முகம் அதுதான். பார்த்துவிட்டாள். தாங்கிக்கொள்ளவும் முடிந்தது.

"தெரியும்," என்றான்.

"தெரிஞ்சுமா சொன்னே?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்." இன்னொரு மூச்சு. "நாமன்னு சொல்லாட்டி... அப்புறம் அதுல நான் எங்கே இருக்கேன்?"

வெர்லீனுக்கு அழுகை வந்தது. அழுதாள். அவனும் அழுதிருப்பான், அதற்கும் மூச்சு வேண்டுமே.

சத்தம் கேட்டு நெட்டா ஓடி வந்திருந்தாள். ஹஸ்கெட்டுகளின் வாசல் பாய் முடிகிற இடத்தில், கோடு போட்ட மாதிரி நின்றுவிட்டாள். சட்டம் அவள் காலைப் பிடித்திருந்தது. ஓரின் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"நெட்டா. கொஞ்சம் கை குடேன்."

அதற்காகவே காத்திருந்தவள் போல அவள் பாய்ந்து வந்தாள். டியூபை இழுத்து வரப் பார்த்தாள், அது எட்டவில்லை. சின்ன சிலிண்டரைத் தூக்கி வந்து அவன் மூக்கில் மாட்டினாள். பிறகு வெர்லீனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். "ரெண்டு வருஷமா கை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு," என்று முணுமுணுத்தாள்.

முதுகு கொஞ்சம் அடங்கியதும் பார்க்கர் ஊருக்குப் போனார்கள். கடையில் ஜெனரேட்டர்கள் ஒரு சுவரோரம் அளவுவாரியாக வரிசையாக இருந்தன. விற்பனைக்காரன் சட்டைப்பையில் பேனாவோடு வந்தான். நேராக ஓரினைப் பார்த்துத்தான் பேசினான்.

"சாருக்கு என்ன சைஸ் வேணும்? ஏ.சி. எல்லாம் ஓடணுமா?"

ஓரின் சிலிண்டர் வைத்த தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவற்றைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

"என்னைக் கேக்காதே தம்பி. என்னால தூக்க முடியாது. அவதான் தூக்கணும். எதைத் தூக்க முடியுதோ அதான் எங்க சைஸ்."

விற்பனைக்காரன் பேனாவைத் திருகினான். "எல்லாரும் வாட் கணக்கைத்தான் கேப்பாங்க, சார்."

"வாட் கணக்கு அப்புறம். கிழவி, நீ தூக்கிப் பாரு."

நீ. வெர்லீன் குனிந்தாள். நடுத்தர அளவு ஒன்று, முழங்காலைத் தாண்டவில்லை. அடுத்தது, கைப்பிடி வைத்த சின்னது, நெட்டாவுடையது மாதிரி. இடுப்பு வரை வந்தது, முதுகு முனகியது, ஆனால் வந்தது. அதோடு நடந்து காட்டினாள். பாரம் குறைந்த மாதிரி இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இத்தனை நாள் அவளை அரித்த சொல்லை அவன் விட்டுவிட்டான், அதுவும் அந்நியன் ஒருத்தன் முன்னால், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு. ஆனால் அவன் 'நீ' என்று சொல்லிவிட்டான். அந்த நீளமான கடையில், கையில் இருபது கிலோ இரும்போடு, அவள் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"இது," என்றாள்.

திரும்பி வரும் வழியில் ஓரின் போனை எடுத்தான். ஆற்றோரம் இருக்கும் ஒரு டிரெய்லர் பார்க்கின் எண்ணை அவனே தேடிக் கூப்பிட்டான். அவள் சாலையைப் பார்த்தபடி ஓட்டினாள்.

"மே மாசத்துலேர்ந்து ஒரு கம்பம் வேணும்மா. ஏ.சி. ஓடுற மாதிரி கரண்டு. ஆமா, டிரெய்லர்தான். இல்ல, ரிவர்ஸ் எடுக்க ஆள் வேண்டாம், என் வீட்டுக்காரி எடுப்பா. நல்லா எடுப்பா. என்னை விட நல்லாவே. ம், மாட்டைக் கம்பத்துல கட்டியாச்சு." கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தான். "மாடு? இல்லம்மா, ஒண்ணும் இல்ல. பழைய பேச்சு."

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெர்லீன் டிரூடிக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். இந்த வருஷம் நிலவறை வேண்டாம் என்று சொல்லலாம். அடுத்த வருஷத்தைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது, யோசிக்கவும் தெம்பில்லை.

அடுத்த நாள் காலை, புது ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் கிரியோசோட் புதரின் ஓரமாக வைத்தாள். நடுவில் ஒரு தடவை இறக்கி இளைப்பாறினாள். கயிற்றைப் பிடித்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இரு! எல்லாத்தையும் அணைச்சுக்கறேன். சின்ன எஞ்சின், சுமையோட கிளப்பக் கூடாது." சுவிட்சுகள் ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம், டியூப் தரையில் இழுபடும் சத்தம். "இப்ப இழு!"

முதல் இழுப்பிலேயே கிளம்பியது. மெல்லிய சத்தம், பேசினால் கேட்கும். மெஷின் உள்ளே பெருமூச்சு விட்டு ஓடத் தொடங்கியது. வெர்லீன் நடந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். முதுகு வலித்தது. மலைகளின்மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்றைக்குச் செய்ய வேண்டியவை மனத்தில் வரிசையில் நின்றன. ஒன்றைக்கூடத் தொடப் பிடிக்கவில்லை.

"நாம காபி போடலாமா?" என்று ஓரின் கேட்டான்.

பழக்கதோஷம். அவனுக்கு அந்தச் சொல், அவளுக்கு எழுந்திருப்பது. அவள் முழங்காலில் கையை ஊன்றினாள்.

அப்போது புதரோரம் ஜெனரேட்டரின் சத்தம் கொஞ்சம் உயர்ந்தது. புதிதாக ஒரு சுமை ஏறினால் அது அப்படித்தான் குரலை உயர்த்தும். வெர்லீன் அதைக் கேட்டாள். உள்ளே ஓரின் காபி மெஷினைப் போட்டுவிட்டான். அவள் கையை எடுத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.